கடைமடைக்குத் தண்ணீர் அனுப்பும் காவிரிக் கடல்

காரைக்கால் நகரத்துக்குப் பக்கத்திலேயே கடலோரமாக இருக்கிறது கிளிஞ்சல்மேடு. பெயரிலேயே ஊரின் அடையாளம் இருக்கிறது. படகு, வலை, கருவாடு, உப்புக் காற்று என்று முழுக்க முழுக்க கடலை நம்பிய மீனவக் கிராமம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி காரைக்கால் கரையைத் தாக்கியபோது பறிகொடுத்து நின்ற ஊர்களில் இதுவும் ஒன்று.

இந்த ஊருக்கு ஜூன் மாதத்தில் இரண்டு தேதிகள் முக்கியம். ஒன்று, ஜூன் 14. ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அன்றோடு முடிகிறது. விசைப்படகுகள் மறுபடி கடலுக்குக் கிளம்பும். இன்னொன்று, அதற்கு இரண்டு நாள் முந்தைய ஜூன் 12. டெல்டா குறுவைக்காக மேட்டூர் அணையைத் திறக்க வேண்டிய வழக்கமான நாள்.

முதல் தேதி மீனவருக்கு, இரண்டாவது தேதி விவசாயிக்கு என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போனால், மேட்டூரிலும் படகு இருக்கிறது, வலை இருக்கிறது, மீனவர் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே உப்புதான் இல்லை!

அரசலாற்று முகத்தில்...

காவிரியின் கிளையான அரசலாறு, கும்பகோணத்தைத் தாண்டி வந்து காரைக்காலில் கடலைத் தொடுகிறது. கடற்கரைக்குப் போகும் சாலையிலேயே ஆறும் கூடவே வரும். மாலையில் குழந்தைகளோடு வருபவர்கள் ஆற்றில் படகுச் சவாரி செய்துவிட்டு, அப்படியே கடற்கரை மணலில் போய் உட்காருவார்கள். ஒரே மாலையில் ஆறும் கடலும் கிடைப்பது எல்லா ஊருக்கும் வாய்க்காது.

முகத்துவாரத்தில் மடவை, கொடுவா, இறால், நண்டு எல்லாம் கிடைக்கும். இவையெல்லாம் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் இடத்தை விரும்புகிற ஜீவன்கள். கோடையில் ஆற்றில் வரத்து நின்றுவிட்டால் கடல் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். மழையோ காவிரித் தண்ணீரோ வந்தால்தான் அது பின்வாங்கும். அதனால் 'தண்ணி வந்துடுச்சா?' என்ற கேள்வி இங்கே வயலுக்கு மட்டுமானதல்ல.

சட்டப்படியும் இந்த மண்ணுக்குக் காவிரியில் பங்கு உண்டு. காரைக்காலுக்காகப் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று 2007-ல் காவிரி நடுவர் மன்றம் ஒதுக்கியது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது தமிழ்நாடு, கர்நாடகத்தின் கணக்கு மாறியது. இந்த 7 மாறவில்லை. அந்தத் தண்ணீர் எங்கே தேங்கி நின்றுவிட்டு வருகிறது என்று பார்க்கத்தான் மேட்டூருக்கு ஒரு பயணம்.

மலைக்கு நடுவே ஒரு கடல்

தஞ்சாவூர், திருச்சி வழியாகச் சேலம் போய், அங்கிருந்து சுமார் 50 கி.மீ. போனால் மேட்டூர். ஈரோட்டுப் பக்கமிருந்து வருபவர்கள் பவானி வழியாகவும் வரலாம். ஊருக்குள் நுழையும்போது சாதாரணத் தொழில் நகரம் போலத்தான் இருக்கும். அணையின் மேல்பக்கம் கண்ணில் படும்போதுதான் வாய் பிளக்கும். எதிர்க்கரை எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

1925-ல் தொடங்கிய கட்டுமானம் 1934-ல் முடிந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 21-ல் திறந்துவைத்தவர் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லி. அதனால் அதிகாரப்பூர்வமாக இது 'ஸ்டான்லி நீர்த்தேக்கம்'. உபரி நீர் வெளியேறும் 16 கண் மதகு, பொறியாளர் எல்லிஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அணையின் நீளம் 5,300 அடி. முழு நீர்மட்டம் 120 அடி. முழுசாக நிரம்பினால் 93.47 டி.எம்.சி.

எண்களைவிட ஏரியின் உருவம்தான் சுவாரஸ்யம். இது வட்டமான ஏரி இல்லை. ஒகேனக்கல்லில் விழுந்த காவிரி, மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வந்து இங்கே அகலமாகிறது. கர்நாடக எல்லையை ஒட்டிப் பாலாறு வந்து சேரும் இடத்தில் ஒரு கை நீளும். தருமபுரிப் பக்கத்தில் தொப்பையாறு சேரும் இடத்தில் இன்னொரு கை. இப்படி ஒவ்வொரு ஓடை வாயிலும் தண்ணீர் உள்ளே புகுந்து ஒரு சின்ன விரிகுடா போல நிற்கும். நடுவில் காற்று அடித்து அலை புரளும் நாளில்கூட, இந்த ஒதுக்குப்புறங்கள் ஓரளவு அமைதியாக இருக்கும். மீனும் இங்கே ஒதுங்கும், பரிசலும் இங்கே ஒதுங்கும்.

தண்ணீருக்கு அடியில் ஊர்கள்

அழகான ஏரிதான். ஆனால் அது நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் தெருக்கள் இருந்தன. அணைக்காகக் காவிரிக் கரையின் பல கிராமங்கள் காலி செய்யப்பட்டன. மக்கள் வீடு, வயல், கோயில், தேவாலயம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேட்டுப் பகுதிகளிலும் வேறு ஊர்களிலும் குடியேறினார்கள்.

அந்த ஊர்கள் முழுதாக மறைந்துவிடவில்லை. நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில், பண்ணவாடிப் பக்கம் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் தலை நீட்டும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் பெரிய நந்தி தெரியும். சேதி கேட்டு ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து போட்டோ எடுப்பார்கள். சுற்றுலாப் பயணிக்கு அது அதிசயம். உள்ளூர்க்காரருக்கு அது வறட்சியின் அளவுகோல். நந்தி வெளியே வந்தால், டெல்டாவில் வயிற்றில் புளி கரைக்கும்.

பரிசலில் ஒரு பிழைப்பு

கிளிஞ்சல்மேட்டு மீனவர் பைபர் படகில் இன்ஜினோடு போகிறார் என்றால், மேட்டூர் மீனவரின் வாகனம் பரிசல். மூங்கிலைப் பட்டை பட்டையாகச் சீவிப் பின்னிய பெரிய கூடை அது. முன்பு தோல் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்தன. முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் கிடையாது. ஒற்றைத் துடுப்பால் ஓட்ட வேண்டும். தெரியாதவர் துடுப்புப் போட்டால் இருந்த இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும்!

மீன்துறையிடம் உரிமம் வாங்கியவர்கள்தான் இங்கே வலை போடலாம். பொழுது சாயும்போது பரிசலில் போய் வலையைக் கட்டிவிட்டு வருவார்கள். விடியும் முன் போய் இழுப்பார்கள். பல குடும்பங்கள் தண்ணீரின் ஓரத்திலேயே கொட்டகை போட்டுத் தங்கும். தண்ணீர் ஏறினால் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு மேலே போக வேண்டும், இறங்கினால் கீழே வர வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மட்டும் கூடவே நகராது. இந்தத் தொழிலின் பெரிய கஷ்டம் அதுதான்.

வலையில் என்ன விழும்? கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி, கெளுத்தி, வாளை, ஆரால், பொடி மீனில் அரஞ்சான். இதில் முதல் மூன்றும் காவிரியில் பிறந்தவை அல்ல. வடக்கே கங்கைப் பக்கத்து ஆறுகளின் மீன்கள். தேங்கிய தண்ணீரில் வேகமாக வளரும் என்பதால் குஞ்சுகளை வளர்த்து ஏரியில் விடுகிறார்கள். மேட்டூரிலேயே மீன்துறையின் மீன்குஞ்சுப் பண்ணை இருக்கிறது. ஜிலேபி அதைவிடத் தூரம், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. வந்த இடத்தில் வீட்டுக்காரராகவே ஆகிவிட்டது.

வந்தவர்கள் கதை இது என்றால், போனவர் கதையும் ஒன்று உண்டு. உல்லம் மீன். வங்காளிகள் 'இலிஷ்' என்று கொண்டாடும் அதே மீன்தான். கடலில் வாழும், முட்டையிட ஆற்றில் ஏறி வரும். வெள்ளம் வரும் காலத்தில் டெல்டாவின் கடலோர முகத்துவாரங்கள் வழியாகக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் உல்லம் ஏறிய காலம் ஒன்று இருந்தது. அணைக்கட்டுகள் குறுக்கே வந்தன. மேட்டூர் வந்த பிறகு அந்தப் பெருவெள்ளமும் அடங்கியது. உல்லம் பிடிப்பு படுத்தேவிட்டது. மேலே ஒரு ஏரி புதிய மீன்களைக் கொடுத்தபோது, கீழே ஓர் ஆறு பழைய மீனை இழந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

இக்கரைக்கும் அக்கரைக்கும்

இந்த ஏரியில் படகு என்பது உல்லாசம் மட்டுமல்ல, பஸ் மாதிரி. சேலம் மாவட்டத்துப் பண்ணவாடியிலிருந்து எதிரே தருமபுரி மாவட்டத்து நாகமரைக்குப் படகில் போகலாம். கோட்டையூருக்கும் ஒட்டனூருக்கும் இடையிலும் அப்படியே. சாலையில் சுற்றினால் பெரிய தூரம். அதனால் காய்கறி மூட்டை, மாணவர்கள், மோட்டார் சைக்கிள் என்று எல்லாமே படகேறும்.

ஆனால் இந்தத் தண்ணீரைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஆடிக் காற்றில் நடு ஏரி கடலாகிவிடும். ஒகேனக்கல் பக்கமிருந்து வெள்ளம் வந்தால் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். 'அவசரமாப் போகணும், கொஞ்சம் விடுங்கண்ணா' என்று கெஞ்சுவதில் அர்த்தமில்லை. படகோட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஒரு அடி தண்ணீர், இரண்டு கணக்கு

மேட்டூரில் நீர்மட்டம் என்பது தினசரிச் செய்தி. அது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி அர்த்தமாகும்.

ஏரி வற்றும்போது கரையில் ஈரமான வண்டல் நிலம் வெளிப்படும். அங்கே சோளம், எள், கடலை என்று விதைப்பவர்கள் உண்டு. தண்ணீர் திடீரென்று ஏறினால் அந்தப் பயிர் மூழ்கும். மீனவருக்கோ, தண்ணீர் குறைந்தால் மீன் ஓரிடத்தில் கூடும். சில நாள் வலை கனக்கும். ஆனால் ஒரேயடியாகக் குறைந்தால் தேங்கிய தண்ணீரில் பச்சைப் பாசி படர்ந்து நாற்றமெடுக்கும், பிராணவாயு குறைந்து மீன்கள் செத்து மிதக்கும். ஏரி நிரம்பினால் மீன் வளர இடம் கிடைக்கும், ஆனால் பரந்த தண்ணீரில் அதைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

டெல்டாக்காரருக்கு ஒரே கணக்குதான். ஜூன் 12-ல் திறக்குமா? 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுவே முதல் முறை. 2024-ல் ஜூலை கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கர்நாடகத்தில் பெய்யும் மழைதான் இதைத் தீர்மானிக்கிறது. கல்லணை வந்து, கிளை பிரிந்து, வாய்க்கால் நிரம்பி, கடைசியில்தான் காரைக்கால் வயல்களுக்குப் பங்கு வரும். கடைமடை என்றால் சும்மாவா!

ஆற்றின் தலையில் இருப்பவருக்கும் காலில் இருப்பவருக்கும் ஒரே தண்ணீர்தான் சோறு போடுகிறது. ஒருவர் வலையிலிருந்து குறையும் ஓர் அடிதான் இன்னொருவர் வயலில் ஏறுகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

• ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை போனால் பெரும்பாலும் தண்ணீர் நிறைந்திருக்கும். ஆடிப்பெருக்கு அன்று கூட்டம் அலைமோதும். குழந்தைகளோடு போகிறவர்கள் வேறு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

• அணைப் பூங்காவையும் அணைக்கட்டு முனியப்பன் கோயிலையும் அரை நாளில் பார்த்துவிடலாம். ஏரியின் அகலத்தை உணர வேண்டுமென்றால் பண்ணவாடித் துறை வரை போக வேண்டும்.

• பூங்காவைச் சுற்றியுள்ள கடைகளில் சுடச்சுட மீன் வறுவல் கிடைக்கும். ஏரி மீன் என்று கேட்டு, மீனைப் பார்த்து வாங்குங்கள். கட்லாவில் சதை அதிகம், ஆராலில் ருசி அதிகம்.

• அனுமதிக்கப்பட்ட துறைகளில் மட்டும் படகு ஏறுங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏற வேண்டாம். பரிசலில் எழுந்து நின்று செல்ஃபி எடுப்பது ஆபத்து. கரையோரத் தண்ணீர் ஆழமில்லாதது போலத் தெரியும், நம்பி இறங்காதீர்கள். அடியில் பழைய கிணறுகள்கூட இருக்கலாம்.

• அப்படியே ஒரு நாள் ஒதுக்கிக் காரைக்காலுக்கும் வாருங்கள். காலையில் மீன்பிடித் துறைமுகம், மாலையில் அரசலாற்றில் படகு, பிறகு கடற்கரை. மேட்டூரில் நீங்கள் பார்த்த தண்ணீரில் கொஞ்சமாவது கடலுக்குள் போவதை இங்கே பார்க்கலாம். அது வீணாகப் போவதில்லை. மடவையும் இறாலும் அதற்காகத்தான் காத்திருக்கின்றன.