மணாலி-லே: காதால் ஏறும் மலை

மணாலியில் விடிகாலை. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டைக் கிளப்புவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ பூஜை நடப்பதாகத் தோன்றும். ஹெட்லைட் மேலுள்ள ஆம்மீட்டரில் கண் வைத்து, கிக்கரை மெல்ல அழுத்துகிறார் ஓட்டுபவர். முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸரை இழுத்து, பிஸ்டனை உச்சியிலிருந்து மயிரிழை தாண்டவிட்டு, பிறகு ஒரே உதை. அவசரக்காரர்களின் கணுக்காலை இந்த வண்டி பதம் பார்த்துவிடும்.

சென்னையை அடுத்த திருவொற்றியூரில், கடல் மட்டத்தில் பிறந்த வண்டி இது. லே வரை சுமார் 430 கி.மீ. கோடையில் மட்டும் பனி வழிவிடும் சாலை. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு ரோதாங் ஏற்றம் மிச்சம். ஆனால் 5,300 மீட்டரைத் தாண்டும் தங்லங் லாவில் ஏறித்தான் ஆக வேண்டும். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

கார்புரேட்டருக்கு இது தெரியாது. காற்று மெலிந்ததற்கு ஏற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ள அதனால் முடியாது. முதலில் சத்தம் மாறுகிறது: கணீரென்ற 'தட் தட்' போய், ஜலதோஷம் பிடித்தவர் பேசுவது போல ஆகிறது. பிறகு இழுவை போகிறது, கரும்புகை வருகிறது. பிளக்கைக் கழற்றினால் கரி. காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டிய இடம் அது. அனுபவசாலிகள் கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றி ஊசியைத் தாழ்த்துவார்கள். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருகிக் காது கொடுப்பார்கள். பாயின்ட் திறக்கும் நொடியைக் காட்ட, நடுவில் செருகிய சிகரெட் தாள் போதும். அது நழுவினால் திறந்துவிட்டது.

ஆபத்து ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில். மேலே குறைத்த பெட்ரோலைக் கீழே வந்ததும் கூட்ட மறந்தால் எஞ்சின் கொதிக்கும். பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும். அதற்கு முன்னோடியாகப் பிளக் வெளுக்கும். ஆளில்லா சமவெளியில் வண்டி இறுகினால், அடுத்த லாரி வரும்வரை குளிரில் காத்திருக்க வேண்டியதுதான்.

2020 ஏப்ரலில் புதிய மாசு விதிகள் வந்த பிறகு புல்லட்டுக்கும் எரிபொருள் ஊசிப்பீய்ச்சல் வந்துவிட்டது. சென்சாரே காற்றை அளந்து பெட்ரோலைத் திருத்திக்கொள்கிறது. விடுமுறைக்கு ஒருமுறை வருபவருக்கு இது வரப்பிரசாதம், சந்தேகமில்லை. ஆனால் மலை தன் உயரத்தை எஞ்சின் வழியாகச் சொல்வது நின்றுவிட்டது. மூச்சு வாங்கும்போதுதான் ஏறியது தெரிகிறது.

ஓடைகளிடம் மட்டும் எந்தச் சென்சாரும் செல்லுபடியாவதில்லை. பாராலாச்சா பக்கம் காலையில் கணுக்கால் நீர், மதிய வெயிலில் பனி உருகி முழங்கால் நீர். பழகியவர்கள் கரையில் நிற்கிறார்கள். முன்னே போகும் லாரியின் சக்கரம் எவ்வளவு மூழ்குகிறது என்று பார்க்கிறார்கள். பிறகு முதல் கியர், பாதி கிளட்ச், சைலன்ஸருக்குள் நீர் புகாதபடி விடாத ஆக்ஸிலரேட்டர்.