தங்கமலைக் காட்டு வழியே

விடுமுறை நாளைத் தொலைக்காட்சியின் முன்தான் கழிக்கவேண்டுமா? குழந்தைகளுடன் காலாற நடப்பதற்கு நம் ஊவா மலைகளில் வழிகளா இல்லை?

அப்புத்தளைக்கு அருகே, 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிஷம் மாளிகை, இன்று துறவியர் மடமாக விளங்குகிறது. அதனை அடுத்துள்ளது, 1938இல் சரணாலயமாக்கப்பட்ட தங்கமலைக் காடு. தேயிலைச் சரிவைக் கடந்து நாங்கள் அதனுள் புகுந்ததும் வெயில் மறைந்தது. பாசி படர்ந்த மரங்களிடையே புள்ளொலி கேட்டது.

"முன்பு மலை முழுவதும் இப்படியா இருந்தது?" என்று வினவினாள் எங்கள் இளைய மகள்.

ஆம், காடழிந்த சரிவுகளில் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நட்டு வளர்த்தோர் நம் பாட்டன் பூட்டன்மாரே. அவர்கள் ஓய்வின்றி ஏறிய மலையில் நாம் களிப்புடன் உலவுகிறோம். எஞ்சிய காட்டைக் காப்பது நம் கடனன்றோ?

புறப்படுமுன், அட்டைக்கடிக்கு அஞ்சுவோர் காலில் சவர்க்காரம் பூச மறவாதீர்!