கைக்கு வராத பணத்தின் இழப்பு

வருமானம் கைக்கு வரும்போது அதன் தொகையை மட்டும் மூளை பார்ப்பதில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் அதைத் தட்டி எழுப்புகிறது. சிவகிரி, புளியங்குடி வட்டாரத்தில் எலுமிச்சை போட்டிருக்கும் சம்சாரிகளுக்கு இது தெரியாததல்ல. கோடையில் ஏறி மழைக்காலத்தில் சரியும் விலை அது. கிலோ 50 ரூபாய்க்குப் போனால் போதும் என்று மூட்டையை இறக்கியவருக்கு 80 ரூபாய் கிடைத்தால் அன்று மனம் நிறைந்துவிடும். 100 ரூபாய் என்று கணக்குப் போட்டு வந்தவருக்கோ அதே 80 ரூபாய் வயிற்றெரிச்சல்.

இந்தக் கணக்கில் பெரும்பங்கு நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களுடையது. நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் இதைக் கண்டார். விளக்கு எரியும், சற்று நேரத்தில் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழும். முதலில் சாறு விழும்போது அணுக்கள் துடித்தன. பழகிய பிறகு விளக்கைக் கண்டதுமே துடித்தன. சாறு வந்தபோது அசையவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், அது விழுந்திருக்க வேண்டிய அதே நேரத்தில் துடிப்பு அடங்கியது. குரங்கிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை, வர வேண்டியது வரவில்லை, அவ்வளவுதான். பீட்டர் டயன், ரீட் மாண்டேகு ஆகியோருடன் 1997-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இதை எதிர்பார்ப்பின் பிழை என்று விளக்கியது.

கையில் இருப்பதை இழப்பது இன்னும் கனமானது. உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இல் இதைக் கோட்பாடாக்கினார்கள். 1992-இல் அவர்கள் கணித்தபடி, இழப்பு அதே அளவு லாபத்தைப்போல் சுமார் இரண்டு மடங்கு உறைக்கிறது. ரஸ்ஸல் போல்ட்ராக் குழு 2007-இல் மூளையைப் படமெடுத்தபோது, லாபத்துக்கு எழுச்சி கொள்ளும் மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையாட்டம், இழப்புக்கு அதைவிடச் செங்குத்தாகத் தணிந்தது. அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா அதில் தனியாகக் கிளர்ந்தெழவில்லை. ஆனால் அமிக்டலா சிதைந்த இருவரிடம் 2010-இல் நடந்த ஆய்வில், மற்றவர்கள் தயங்கும் பந்தயங்களை அவர்கள் கூசாமல் ஏற்றார்கள். ஆகவே இழப்புக்கென்று மூளையில் ஒரே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டிவிட முடியாது.

லாபமும் இழப்பும் பின்னிக்கொள்ளும் இடத்தைக் காட்டியது மதுரைப் பக்கத்துக் கிராமத்து மக்கள் பங்கேற்ற ஒரு சோதனை. டான் அரியேலியும் வேறு மூன்று ஆய்வாளர்களும் 2009-இல் அதை வெளியிட்டார்கள். 87 பேருக்கு ஆறு விளையாட்டுகள் தரப்பட்டன. அவற்றில் ஒன்று, பலகையைச் சாய்த்துச் சாய்த்து இரும்புக் குண்டை ஓட்டைகளில் விழாமல் நகர்த்துவது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் உச்சப் பரிசு சிலருக்கு 4 ரூபாய், சிலருக்கு 40, சிலருக்கு 400. 400 ரூபாய்க்கு ஆடியவர் ஆறிலும் வென்றால் 2,400 ரூபாய். கிராமத்தில் ஒருவரின் ஏறத்தாழ ஐந்து மாதச் செலவு அன்று அது. மிக மோசமாக ஆடியவர்கள் 400 ரூபாய்க்காரர்கள். 4 ரூபாய்க்கும் 40 ரூபாய்க்கும் ஆடியவர்களிடையே பெரிய வேறுபாடில்லை. காசைக் கூட்டினால் வேலை தானாகச் சிறக்கும் என்று நம்பும் எந்த முதலாளியும் படிக்க வேண்டிய முடிவு இது.

ஏன் அப்படி என்பதற்கு 2012-இல் கலிஃபோர்னியாவில் விக்ரம் சிப் குழு ஒரு விடை தந்தது. பெரிய பரிசை அறிவித்தபோது ஸ்ட்ரையாட்டத்தின் செயல்பாடு உயர்ந்தது. அந்தப் பரிசுக்கான கைவேலையைத் தொடங்கிய கணத்தில், பரிசு பெரிதாகப் பெரிதாக, அது கீழே இறங்கியது. அறிவித்த பணத்தை மூளை தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டு, ஆடும்போது அது பறிபோவதைக் கண்டு அஞ்சுகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். இழப்புக்கு அதிகம் அஞ்சுபவர்களிடம் இந்த இறக்கமும் அதிகம், கைத்தடுமாற்றமும் அதிகம். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழு, இழப்புக்கு அவ்வளவாக அஞ்சாதவர்கள் பெரிய லாபத்தின் முன்னால் தடுமாறுவதில்லை என்றும், பெரிய தொகை பறிபோகும் என்று சொல்லப்படும்போதுதான் தடுமாறுகிறார்கள் என்றும் கண்டது.