‘டோன்ட்மிஸ்’ என்று ஒரு டேக்



இணையத்துல நல்ல தகவலைத் தேடிப் பிடிக்கறது எப்படி? நெஞ்சுவலியோட வந்த ஒருத்தர்கிட்ட இருந்து ஆரம்பிக்கிறேன்.

தாலுகா மருத்துவமனையில் இரவுப் பணி. நாற்பதுகளில் இருந்த ஒருவர் வியர்த்துக் கொட்டியபடி வந்தார். ஈசிஜி எடுத்தோம்.

கடுமையான மாரடைப்பு என்றால் ஈசிஜியில் எஸ்டி பகுதி மேலே ஏறியிருக்கும் என்பது பாலபாடம். இவருக்கோ நெஞ்சு லீடுகளில் அது கீழே இறங்கி, அங்கிருந்து சாய்வாக ஏறி, உயரமான டி அலைகளில் போய் முடிந்தது.

‘இதை எங்கயோ பாத்திருக்கோமே...’

பேர் மட்டும் ஞாபகம் வரல. பேர் தெரியாத ஒண்ணை கூகுள்ல என்னன்னு தேடுவீங்க?

மொபைலில் நான் சேமித்து வைத்திருந்த பக்கங்களில் ‘டோன்ட்மிஸ்’ என்ற டேக்கைத் திறந்தேன். நாலாவது லிங்க். அதே படம்.

டி விண்டர் பேட்டர்ன். 2008இல் நெதர்லாந்து மருத்துவர்கள் எழுதியது. இதயத்தின் முன்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியமான குழாயில் அடைப்பு என்று அர்த்தம். காத்திருக்கக்கூடாது.

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் கொடுத்து, மருத்துவக் கல்லூரிக்குப் போனில் சொல்லிவிட்டு, 108இல் ஏற்றி அனுப்பினோம். கேத் லேபில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

சரி, அந்த டேக் எனக்கு எப்படிக் கிடைச்சது?

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது டெலிஷியஸ் என்றொரு தளம் இருந்தது. ஜோஷுவா ஷாக்டர் 2003இல் ஆரம்பித்தது. பிடித்த பக்கத்தைச் சேமித்து, நமக்குத் தோன்றும் சொல்லை டேக்காகப் போடலாம். நாம் சேமித்தது எல்லோருக்கும் தெரியும். அதுதான் அதோட விசேஷம்.

‘ஈசிஜி’ என்று தேடினால் லிங்க் கொட்டும். எதைப் படிக்கன்னு தலை சுத்தும். ஆனா ஒவ்வொரு லிங்க்கையும் யார் யார் சேமிச்சிருக்காங்கன்னு பார்க்க முடியும்.

அப்படி ஒருவரின் சேமிப்புக்குள் போனேன். முகம் தெரியாது, ஊர் தெரியாது. அவர் ஈசிஜி, எக்ஸ்ரே, விஷமுறிவு என எல்லாவற்றிலும் ஒரு நாற்பது பக்கங்களுக்கு மட்டும் ‘டோன்ட்மிஸ்’ என்று போட்டிருந்தார். தவறவிட்டால் உயிர் போகும் விஷயங்கள் மட்டும். அப்படியே என் கணக்கிலும் சேமித்துக்கொண்டேன்.

‘ஈசிஜி’ங்கற டேக் அது என்ன பொருள்னு சொல்லுது. ‘டோன்ட்மிஸ்’ அது எப்போ தேவைப்படும்னு சொல்லுது. ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு உதவினது ரெண்டாவதுதான்.

டெலிஷியஸ் இப்போது இல்லை. 2017இல் பின்போர்டு அதை வாங்கி, புதிதாகச் சேமிக்க முடியாமல் நிறுத்திவிட்டது. ஆனா பழக்கம் அப்படியே இன்னிக்கும் செல்லும். அவசர சிகிச்சை மருத்துவர்கள் 2012இல் இருந்து #ஃபோம்எட் என்ற ஹேஷ்டேக்கில் இலவசப் பாடங்களைப் பகிர்கிறார்கள். நான் இன்றும் அதில் படிக்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது மூன்று:

1. டேக்கோடு நிற்காதீர்கள். அதைப் போட்டவர் வேறு என்னவெல்லாம் சேமிக்கிறார், பகிர்கிறார் என்று பாருங்கள். ‘சர்க்கரைநோய்’ என்ற டேக்கில் நல்ல உணவுப் பட்டியலும் வரும், ‘இன்சுலினை நிறுத்துங்க’ என்பவரும் வருவார். டேக் யாரையும் வடிகட்டாது. நாமதான் வடிகட்டணும்.

2. சேமிக்கும்போது ரெண்டு சொல் போடுங்க. ஒண்ணு, அது என்ன. இன்னொண்ணு, எப்போ வேணும். ‘காய்ச்சல்’, ‘குழந்தைக்குராத்திரி’ என்பது போல. பதறும்போது ரெண்டாவது சொல்தான் முதலில் நினைவுக்கு வரும்.

3. வருஷத்துக்கு ஒருமுறை மொத்தத்தையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். தளங்கள் மூடப்படும். நான் அப்படி எடுத்து வைக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு அந்த நாலாவது லிங்க் என்னிடம் இருந்திருக்காது.

அந்த முகம் தெரியாத மனிதருக்கு நன்றி சொல்ல வழியில்லை. அதனால என்னோட ‘டோன்ட்மிஸ்’ பட்டியலை எங்க ஹவுஸ் சர்ஜன்கள் எல்லாருக்கும் திறந்து வெச்சிருக்கேன். இப்போ அதுல அவங்களும் சேர்க்கறாங்க.