கையொப்பத்திற்கு முன்

புகாரில் பிறந்த கோவலன் பிழைப்பை நாடி மதுரைக்குச் சென்றவன். அவ்வூரில் அவனை அறிந்தவர் மிகச் சிலரே. அரசியின் சிலம்பைத் திருடியவன் இவன்தான் என்று பொற்கொல்லன் ஒருவன் சொன்னான்; அரசனும் தீர விசாரியாமல் ஆளை அனுப்பிவிட்டான். சிலப்பதிகாரத்தை ஒரு பத்தினியின் கதையாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கோ அது, தனக்காகச் சான்று சொல்ல ஆளில்லாத ஊரில் திருட்டுப் பழி சுமந்தவனின் கதையும் ஆகும்.

நாம் தில்லிக்கு வந்து குடியேறியது முதல், உறவினர் பிள்ளைகளும் நண்பர் பிள்ளைகளும் இங்குள்ள கல்லூரிகளில் சேரும்போது, விடுதிப் படிவத்தில் உள்ளூர்ப் பாதுகாவலர் என்னும் இடத்தில் நம் பெயரை எழுதுவது வழக்கமாகிவிட்டது. பண்டிகை நாளில் இட்லி சாம்பார் போடுவதோடு அப்பொறுப்பு முடிந்துவிடுகிறது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம்.

2024 டிசம்பரில் ஒரு மாலை, அவ்வாறு நம் பொறுப்பிலிருந்த ஒரு மாணவனிடமிருந்து தொலைபேசி வந்தது. "மாமா, கடையிலே பிடித்து வைத்திருக்கிறார்கள். ஏதோ இந்தியில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போட்டுவிட்டு ஐயாயிரம் ரூபாய் கட்டினால் விட்டுவிடுவார்களாம். இல்லாவிட்டால் கல்லூரிக்குச் சொல்லிவிடுவார்களாம்."

"எதிலும் கையெழுத்துப் போடாதேயப்பா. நாங்கள் வந்துகொண்டே இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, நம் குடியிருப்பிலேயே வசிக்கும் வக்கீல் நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

நடந்தது இதுதான். பையனுக்குத் தில்லிக் குளிர் புதிது. கடையில் 449 ரூபாய் விலையுள்ள கம்பளிக் குல்லாய் ஒன்றைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்திருக்கிறான். பிறகு கையுறை எடுத்திருக்கிறான். கையுறைக்குப் பணம் கட்டிவிட்டுக் குல்லாயைத் தலையில் வைத்தபடியே வாயிலுக்கு வந்துவிட்டான். விலைச்சீட்டு நெற்றிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்ததாம்! திருடப் போகிறவன் இப்படியா போவான் என்று நமக்குத் தோன்றுகிறது, காவலாளிக்குத் தோன்றவில்லை.

வக்கீல் நண்பர் சத்தம் போடவில்லை. குல்லாயின் விலை என்ன என்று கேட்டார். எழுதி வைத்திருந்த தாளை வாங்கிப் படித்தார். 'நான் வேண்டுமென்றே திருடினேன், இதற்கு முன்னும் எடுத்திருக்கிறேன்' என்று அதில் இருந்தது. பையனுக்கு இந்தி எழுத்தே தெரியாது. பின்பு அவர் மேலாளரிடம், "போலீசை அழைப்பதானால் இப்போதே அழையுங்கள், இல்லையேல் பையனை விடுங்கள். எப்படியாயினும் கேமராப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள், எழுத்து மூலம் கேட்கிறேன்" என்றார். பதிவை ஓட்டிப் பார்த்தார்கள். குல்லாயோடுதான் பையன் பணம் வாங்குபவர் எதிரே நின்றிருக்கிறான், அவரும் கவனிக்கவில்லை. கடைசியில் 449 ரூபாய்க்கு ரசீது கிடைத்தது. அந்தத் தாளை நண்பர் தம் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் அவர் விளக்கியதை அன்பர்கள் கவனிக்க வேண்டுகிறோம். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 23ஆம் பிரிவு. ஆனால் கடைக்காரரிடமோ விடுதிக் காப்பாளரிடமோ எழுதிக் கொடுத்ததற்கு அந்தத் தடை இல்லை. மிரட்டி வாங்கியது என்று பின்னர் வாதாடலாம். அதை மெய்ப்பிக்கும் பாரம் நம் தலையில் விழும். போலீஸ் நிலையத்தைக் கண்டு அஞ்சுகிறோம். கடையின் பின்னறையைக் கண்டு அஞ்சுவதில்லை!

கடைக்காரர் பிடித்து வைப்பதற்கும் எல்லை உண்டு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவின்படி, பொதுமக்களில் ஒருவர் பிறரைப் பிடிக்கலாம். அதற்கு ஜாமீனில் விடத்தகாததும் போலீசார் நேரே கைது செய்யத்தக்கதுமான குற்றம் தம் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். பிடித்தவரை ஆறு மணி நேரத்திற்குள் போலீசிடம் ஒப்படைக்கவும் வேண்டும். 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளின் திருட்டோ ஜாமீனில் விடத்தக்க குற்றம். முதல் முறையாகத் தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால், சமூக சேவையே தண்டனை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பொருள்கள் வைத்துப் பாதுகாக்கும் கட்டடத்தில் திருடியதாக 305ஆம் பிரிவில் எழுதிவிட்டால் ஏழாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. எந்தப் பிரிவில் எழுதுகிறார்கள் என்பதே வக்கீல் முதலில் கேட்கும் கேள்வி.

நிற்க. எடுத்ததே உண்மையானால் என்ன செய்வது? "எடுத்தவன் அனுபவிக்கட்டும், அவனுக்கு வக்கீல் எதற்கு?" என்று நம் பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். அதை நாம் ஒப்பவில்லை. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இப்படிப்பட்டவர்களுக்காகவே இயற்றப்பட்டது. 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்பாமலிருப்பதே அதன் பொது விதி; அனுப்புவதானால் நீதிமன்றம் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். அச்சட்டப்படி விடப்பட்டவருக்கு அத்தண்டனையால் வரும் தகுதியிழப்பும் இல்லை என்கிறது அதன் 12ஆம் பிரிவு. இதையெல்லாம் நீதிபதியிடம் எடுத்துரைக்க ஒருவர் வேண்டாமா?

நமக்குத் தெரிந்த வேறொரு வீட்டில் நடந்தது இன்னும் வருத்தந்தருவது. விடுதி அறையில் ஒரு கைக்கடிகாரம் காணாமற்போயிற்று. ஐயம் நம்மூர்ப் பையன்மேல் விழுந்தது. தகப்பனார் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஓடிவந்தார். மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மானம் போகிறதே என்னும் பதைப்பில், "மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுடா, எல்லாம் முடிந்துவிடும்" என்று தாமே பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தார். கல்லூரி அக்கடிதத்தை ஆதாரமாக வைத்தே விடுதியிலிருந்து நீக்கியது. கடிகாரத்திற்கு உரியவன் போலீசில் புகார் கொடுத்தபோது, கடிதத்தின் நகலும் உடன் சென்றது. "நான் எடுக்கவில்லை அப்பா" என்று பையன் சொன்னபோது வழக்கு எழுதப்பட்டுவிட்டது. தந்தையின் அன்பைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆயினும் அன்று அந்தப் பிள்ளைக்கு எதிராகச் சான்று தேடிக் கொடுத்தவர் அவரே.

கைதானவர் தம் விருப்பப்படி வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமையை அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு தருகிறது. 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குப் போலீசார் செய்தி சொல்ல வேண்டும். புலன்விசாரணையில் எழுதப்படும் வாக்குமூலத்தில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதும் சட்டமே. மொழி தெரியாத பிள்ளைகளிடம் இதை இரண்டு முறை சொல்லி வைப்பது நல்லது. வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணி ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு. அதற்குரிய தொலைபேசி எண் 15100. வரும் ஜூலையில் கல்லூரி சேரும் பிள்ளைக்கு விடுதிப் படிவத்தில் கையெழுத்திடும் அன்பர்கள், இந்த எண்ணையும் தம் எண்ணையும் அப்போதே அவன் கையில் எழுதிக் கொடுத்துவிடலாம்.