மூலையில்தான் இருக்கு விஷயம்

சொந்த ஊர் திருநெல்வேலி. வங்கி தூக்கிப் போட்ட ஊர் சித்தூர். பி.காம் படித்தவனுக்கு ஆசாரி வேலை பற்றி என்ன தெரியும் என்கிறீர்களா? வீட்டுக் கடன் சீட்டில் நாலு வருஷம் உட்கார்ந்து பாருங்கள், தானாக ஒட்டிக்கொள்ளும் :-)

எங்கள் கிளையில் ரிட்டையரான ஹெட் கேஷியர் ஒருவர், கணவரை இழந்த தன் அக்காவுக்காகத் திருப்பதி வீட்டு மொட்டை மாடியில் ஓர் அறை போடுகிறார். பி.எஃப். பணம். இன்னொரு தடவை செலவழிக்க வழியில்லை. பழைய கட்டடம் செங்கல் பாரம் தாங்காது என்பதால் இரும்பு ஃப்ரேம், அதன்மேல் ஃபைபர் சிமெண்ட் பலகை. சிமெண்ட், மணல் தூள், மர நார் சேர்த்து நீராவி அழுத்தத்தில் பதப்படுத்திய சரக்கு, கரையான் தொடாது. மீன் செதில் மாதிரி மேல் பலகை கீழ்ப் பலகையின் விளிம்பை மூடி நிற்கும்.

சுவர் சரி. இரண்டு சுவர் சந்திக்கும் வெளி மூலையை எப்படி முடிப்பது?

"45 டிகிரியில அறுத்து ஒட்டிடலாம் சார், ஃபோட்டோ ஃப்ரேம் மாதிரி இருக்கும்" என்றார் மேஸ்திரி. பார்க்க அழகுதான். ஆனால் சரிவாக அறுத்த மெல்லிய விளிம்பு சுலபமாக உதிரும். வெயிலில் இரும்பும் பலகையும் ஒரே அளவில் நீளாது, இணைப்பு வாய் பிளக்கும். சித்தூரில் இன்ஸ்பெக்‌ஷன் போன ஒரு வீட்டில் ஒரே கோடையில் நகம் நுழையும் அளவு இடைவெளி, உள்ளே ஈரக் கறை. 2021 நவம்பரில் திருப்பதியில் கொட்டிய மழையைப் பார்த்தவர்கள் அந்த இடைவெளியைச் சின்னது என்று சொல்ல மாட்டார்கள்.

பேசி முடித்த வழி இது:

முதலில் தண்ணீர் புகாத ஷீட்டை மூலையில் வெட்டாமல் இரு பக்கமும் சுற்றிவிட வேண்டும். அதன்மேல் செங்குத்தாக இரண்டு மூலைப் பலகை. 8 மி.மீ. பலகை இரண்டு ஏறும் இடத்தில் கனம் 16 மி.மீ. ஆகிறது, ஆகவே மூலைப் பலகை 20 மி.மீ. ஒன்று 100 மி.மீ. அகலம், மற்றது 80. பெரியது சின்னதன் விளிம்பை மூடினால் இரண்டு முகமும் 100. கணக்கு டேலி!

சுவர்ப் பலகையை மூலைப் பலகையோடு இடிக்காமல் 3 மி.மீ. விட வேண்டும். அறுத்த முனைக்கு முதலில் பிரைமர். பிறகு அந்த இடைவெளியில் பெயிண்ட் ஏற்கும் சீலண்ட். சாதாரண சிலிக்கானில் பெயிண்ட் நிற்காது. பலகை ஒன்றின்மேல் ஒன்று ஏறும் கிடைக்கோட்டை மட்டும் அடைக்கக் கூடாது. எப்படியோ உள்ளே போன தண்ணீர் வெளியேற அதுதான் வழி.

மேஸ்திரி கொஞ்சம் யோசித்துவிட்டு, "பர்வாலேது சார், ரெண்டு நாள் கூடும்" என்றார். கூடட்டும். அறுக்கும்போது மூக்கில் மாஸ்க் போடச் சொன்னேன், அந்தச் சிலிக்கா தூசி நுரையீரலுக்கு எமன்.

நீங்களும் இப்படி ஏதாவது கட்டினால் ஒன்று செய்யுங்கள். பெயிண்ட் அடித்துவிட்டால் எல்லா மூலையும் ஒரே மாதிரிதான் தெரியும். அதற்கு முன்னால் நாலு மூலையையும் பார்த்துவிட்டு அடுத்த தவணைப் பணத்தைக் கொடுங்கள்.