ஒன்பதாம் வளைவில் ஒரு தொழுகை

சென்ற விடுமுறையில் காயல்பட்டினத்திலிருந்து வால்பாறைக்குக் குடும்பத்துடன் சென்றோம். ஆழியாற்றிலிருந்து மேலேறும் அச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இருட்டுவதற்குள் விடுதியை அடையும் அவசரத்தில் எட்டு வளைவுகளை நிற்காமல் கடந்தோம். ஒன்பதாம் வளைவில் வாப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார்கள்.

"லுஹரையும் அஸரையும் இங்கேயே தொழுதுவிடுவோம்."

தாமதமாகிறதே என்று மனத்துக்குள் முணுமுணுத்தபடி இறங்கினோம். பயணச் சலுகைப்படி இரண்டிரண்டு ரக்அத்துகளாகச் சுருக்கிச் சேர்த்துத் தொழுதோம். ஸலாம் கொடுத்து எழுந்தபோது பாறை விளிம்பில் ஒரு வரையாடு நின்றது. கீழே அணையின் நீர்ப்பரப்பு ஒளிர்ந்தது. மகன் பிஸ்கட்டை நீட்டினான்.

வாப்பா அவன் கையை மெல்லப் பற்றி, "அதன் ரிஸ்க்கை அல்லாஹ் இந்த மலையிலேயே வைத்திருக்கிறான்" என்றார்கள்.

தொழுகை எங்களைத் தாமதப்படுத்துகிறது என்றெண்ணியிருந்தோம். அது இல்லையேல், அவன் படைப்பை வண்டிக் கண்ணாடி வழியே கடந்தே போயிருப்போம். அல்ஹம்துலில்லாஹ்.